இருபது சுற்று

"பதினோராவது தடவை," என்றார் ஆதாவ். "இன்னொரு தடவை இது என்னைப் பார்த்து 'பீப்'னு சொல்லட்டும், நான் பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொல்லப் போறேன் பாஸ்."

டிரெட்மில் 'பீப்' என்றது.

ஆதாவ் சொன்னார்.

பெங் யூசின் சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையிலிருந்த நகல் தாள்களை மறுபடியும் புரட்டினாள். அது இந்த மெஷினின் கையேடு அல்ல. இதற்கு முந்தைய மாடலுடையது. 'வேகம் கூட்டும் பொத்தானையும் நிறுத்தும் பொத்தானையும் ஒருசேர அழுத்தியபடி மூன்று விநாடி காத்திருந்தால் சர்வீஸ் மோட் திறக்கும்' என்று அதில் இருந்தது. காத்திருந்தார்கள். மூன்று விநாடி, ஐந்து விநாடி, ஒரு தடவை முழுதாக ஒரு நிமிஷம். திறக்கவில்லை.

"மணி ஒண்ணே முக்கால்," என்றார் வாசலில் நின்ற குவோ. அடுக்குமாடிக் குடியிருப்பின் மேனேஜர். கால் மணிக்கொரு தடவை நேரம் சொல்வதைத் தன் கடமையாக வைத்துக்கொண்டிருந்தார். "நாலு மணிக்குப் பழைய இரும்பு வண்டி வரும். சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. ஆளைத் தூக்கி அடிச்ச மெஷினை இங்க வெச்சுக்க யாருக்கும் இஷ்டமில்ல."

"வண்டிக்காரனை அஞ்சு மணிக்கு வரச் சொல்லக் கூடாதா?"

"அவன் அம்மா சொன்னாலே கேக்க மாட்டான். நான் சொல்லியா கேக்கப் போறான்?"

யூசின் பல்லைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை வேலை பார்த்துவிட்டு, தைச்சுங் நகரில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் தொடங்கி ஆறு வருஷமாகிறது. பொய் சொல்லும் மனிதர்கள் அவளுக்குப் பழக்கம். அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் வாய் தவறி எதையாவது உளறிவிடுவார்கள். இந்தச் சனியன் பிடித்த மெஷின் ஒன்றரை மணி நேரமாக 'பீப்' தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

கேஸ் என்னவோ பார்வைக்குச் சின்னதுதான். ஆறு நாளைக்கு முன், காலை ஆறு மணிக்கு, ஃபெங்யுவான் பகுதியில் உள்ள இந்தக் குடியிருப்பின் தரைத்தள ஜிம்மில் சியாவ் என்ற எழுபத்தோரு வயதுப் பெரியவர் டிரெட்மில்லில் நடக்க வந்தார். ஆறு இருபதுக்குக் குவோ விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது, பெரியவர் பின்சுவரோரம் கிடந்தார். காலர் எலும்பு முறிவு, இடது மணிக்கட்டு முறிவு, தலையில் ஒன்பது தையல். என்ன நடந்தது என்று கேட்டால், "ஞாபகமில்ல," என்கிறார்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த மெஷினுக்கு சர்வீஸ் நடந்திருந்தது. செய்தவள் யென் பெய்ச்சி, முப்பது வயது. சர்வீஸ் கம்பெனி அவளை உடனே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டது. பெரியவரின் மகள் லிவென் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, நேராக யூசினிடம் வந்தாள். உயர்நிலைப் பள்ளித் துணைத் தலைமையாசிரியை. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு வேகத்தைத் தப்பா வெச்சிருக்கா. நாலுன்னு காட்டிட்டு எட்டுல ஓடியிருக்கு. எனக்கு ஆதாரம் வேணும். இன்னும் மூணு நாள்ல விசாரணை."

அந்த ஆதாரம்தான் இப்போது இவர்களைப் பார்த்து 'பீப்' சொல்லிக்கொண்டிருந்தது.

"பாஸ், ஒரு யோசனை," என்றார் ஆதாவ். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். தெரியாத சந்தும் கிடையாது, கருத்து இல்லாத விஷயமும் கிடையாது. "பூட்டைத் திறக்கத் தெரியாட்டி, சாவி வெச்சிருக்கறவங்களைக் கேக்கணும்."

"பெய்ச்சியையா? அவளுக்கு எதிரா ஆதாரம் தேடறோம் அண்ணே. அவகிட்டயே வழி கேக்கச் சொல்றீங்களா?"

"டாக்ஸி ஓட்டின காலத்துல, என்னை ஏமாத்திட்டு இறங்கி ஓடினவன்கிட்டயே நான் வழி கேட்டிருக்கேன். சரியாத்தான் சொன்னான்."

வேறு வழி தெரியவில்லை. யூசின் போன் செய்தாள். ஒன்பது தடவை மணி அடித்து, எடுக்க மாட்டாள் என்று வைக்கப் போகிற சமயத்தில் ஒரு களைத்த குரல் வந்தது.

"மேடம், உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

"நாலு மணிக்கு மெஷினை இரும்புக் கடைக்கு எடுத்துட்டுப் போறாங்க. அதுக்கப்புறம் நீங்க யார்கிட்ட என்ன பேசினாலும் பிரயோஜனமில்ல."

அந்தக் குரலில் திடீரென்று ஒரு எரிச்சல். "காந்தச் சாவி எங்க இருக்கு?"

"மெஷின்லதான். செருகியிருக்கு."

"அதான் திறக்கல! முதல்ல அதை வெளிய எடுங்க. ரெண்டு பொத்தானையும் அழுத்திக்கிட்டே திரும்ப செருகணும். எந்த மடையன் இதை உங்களுக்குச் சொல்லிக்குடுத்தான்?"

யூசின் கையேட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள். ஆள் விழுந்தால் பெல்ட்டை நிறுத்துவதற்கென்று சிவப்புக் கயிறு கட்டிய காந்தச் சாவியை ஆதாவ் பிடுங்கினார். அவள் இரண்டு பொத்தான்களையும் அழுத்த, அவர் சாவியை மறுபடி செருகினார். திரையிலிருந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து அணைந்தன. பிறகு மூலையில் கடுகளவு எழுத்தில் '1' என்று வந்தது.

"உள்ள போயாச்சு!" என்றார் ஆதாவ். "இனிமே அடிக்கிற பீப்புக்கெல்லாம் மரியாதையா பதில் சொல்றேன்."

எண்கள் அவ்வளவு பொடியாக இருந்தன. யூசின் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, திரையோடு முகத்தை ஒட்டவைத்துப் படித்தாள். பெய்ச்சி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பக்கங்களைத் தள்ளினாள். முதல் பக்கம் விளக்குகள் சரியா என்று பார்க்க, சரி. இரண்டாவது, பொத்தான்கள், சரி. மூன்றாவது, மொத்தம் ஓடிய தூரம், மணி நேரம். நான்காவது பக்கம்தான் முக்கியம், பழுதுகளின் பதிவு. மோட்டார் கட்டுமீறி ஓடியிருந்தால் அதில் ஒரு குறி விழுந்திருக்கும்.

காலி. ஒன்றுமே இல்லை.

"அப்ப மெஷின்ல கோளாறே வரலயா?" என்றாள் யூசின்.

"வரல. நான்தான் ஆறு நாளா சொல்லிட்டிருக்கேனே, யாராவது கேட்டாத்தானே!"

யூசினுக்கு வந்த கோபம் யார்மேல் என்று அவளுக்கே புரியவில்லை. "கோளாறு இல்லாமலே வேகம் தப்பா இருக்கலாம். நீங்க தப்பா செட் பண்ணியிருந்தா, மெஷினுக்கு அது தப்புன்னே தெரியாது. அதை எப்படிப் பார்க்கறது?"

"பெல்ட் ஓரத்துல ஒரு டேப் ஒட்டுங்க. ஆறுல ஓட விடுங்க. ஒரு நிமிஷத்துல டேப் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. பெல்ட்டோட நீளம் மூணேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. முப்பத்தோரு சுற்று வந்தா சரியான வேகம். நாப்பது வந்தா என்னைத் தூக்கில போடுங்க."

ஆதாவ் தன் சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைக் கிழித்து ஒட்டினார். பெல்ட் ஓடத் தொடங்கியது. குனிந்து எண்ணினார். "பதினொண்ணு, பன்னண்டு, பதிமூணு..."

"மணி ரெண்டேகால்," என்றார் குவோ.

"ரெண்டே... யோவ்!" ஆதாவ் நிமிர்ந்தார். "உமக்கு ஒரு கடிகாரம் வாங்கித் தரேன், அதை வாய்க்குள்ள போட்டுக்கறீரா?"

மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை குவோ வாயைப் பொத்திக்கொண்டார். யூசின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "போதும்," என்றாள்.

"இருபது."

"சரியா எண்ணினீங்களா?"

"மீட்டரை முப்பது வருஷம் பார்த்தவன் பாஸ் நான். இருபதுன்னா இருபது."

முப்பத்தொன்று வர வேண்டிய இடத்தில் இருபது. யூசின் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எட்டில் ஓடியது என்று நிரூபிக்கத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். இந்த மெஷினோ ஆறு என்று காட்டிவிட்டு நாலுகூட ஓடவில்லை. கைத்தடி பிடித்தவர்கூட இதில் விழ மாட்டார். ஆனால் ஒரு மனிதர் சுவர் வரை தூக்கி எறியப்பட்டிருக்கிறார்.

போன் அடித்தது. லிவென்.

"கிடைச்சுதா?"

"தேடிட்டிருக்கோம்."

"ரெண்டு நாளா இதையேதான் சொல்றீங்க. என் ஸ்கூல் பசங்க வீட்டுப்பாடத்துக்குச் சொல்ற சாக்கு மாதிரியே இருக்கு." வைத்துவிட்டாள்.

"நல்லவேளை நான் அந்த ஸ்கூல்ல படிக்கல," என்றார் ஆதாவ்.

பெய்ச்சியின் இணைப்பு இன்னும் இருந்தது. இருபது என்று கேட்டதும் அவள் குரல் மாறியிருந்தது. "இருக்கவே முடியாது மேடம். அஞ்சாவது பக்கத்துக்குப் போங்க. பின் உருளையோட விட்டம் எவ்வளவுன்னு இருக்கு?"

யூசின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எழுபத்தெட்டு."

"ஐம்பது இருக்கணும்! உருளை ஐம்பது மில்லிமீட்டர்தான், பெரிசுன்னு நம்பினா மெஷின் மெதுவா சுத்தும். நான் ஐம்பதுன்னுதான் வெச்சேன், சர்வீஸ் சீட்டுல எழுதி மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன்."

குவோ மேஜை இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்து வந்தார். ஐம்பது என்றுதான் இருந்தது. கூடவே, 'காலிபரேஷன் எண்ணிக்கை: 7' என்று ஒரு வரி. யூசின் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். அங்கே அந்த எண் 8. பக்கத்தில் ஒரு சின்னக் குறி.

"எட்டுக்குப் பக்கத்துல ஒரு கட்டம். பாதிதான் நிரம்பியிருக்கு."

"அப்படின்னா காலிபரேஷன், அதாவது வேகத்தைச் சரிபார்க்கறது, ஆரம்பிச்சு, பாதியில நின்னிருக்கு. எனக்கப்புறம் யாரோ விட்டத்தை மாத்தியிருக்காங்க. மாத்தினா மெஷின் தானே கேக்கும், 'காலிபரேஷன் செய்யவா?'ன்னு."

"செய்னு சொன்னா என்ன ஆகும்?"

"மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணிட்டு பெல்ட் தன்னால ஓடும். நாலு, எட்டு, பன்னண்டு, பதினாறுன்னு உச்ச வேகம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு இறங்கும். அதனாலதான் அந்த நேரத்துல பெல்ட் மேல யாரும்..." பெய்ச்சி நிறுத்திக்கொண்டாள்.

குவோ நேரம் சொல்ல மறந்துபோனார்.

யூசின் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ராத்திரி இங்க வரச் சாவி யார்கிட்ட இருந்தது?"

"என்னையா சந்தேகப்படறீங்க?" குவோவின் முகம் சிவந்தது. "எனக்கு மைக்ரோவேவுல சோறு சூடு பண்ணவே பொண்டாட்டி போன்ல சொல்லித் தரணும்! ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டினேன். காலைல ஆறுக்குத் திறந்தேன். திறந்ததும் உள்ள போனது சியாவ் பெரியவர் மட்டும்தான். அவர் விழுந்ததும் பிளக்கைப் பிடுங்கி சீல் வெச்சாச்சு. இன்னிக்கு நீங்கதான் பிரிச்சீங்க."

"அப்ப பேய்தான் மாத்தியிருக்கு," என்றார் ஆதாவ். "கணக்கு தெரிஞ்ச பேய்." சொல்லிக்கொண்டே, உருளை உண்மையிலேயே எவ்வளவு என்று அளக்க மெஷினின் பின்பக்கம் படுத்து, டார்ச்சை அடித்துக் கையை உள்ளே விட்டார். "பாஸ். பேய்க்குச் சாளேசரம்."

அவர் கையில் ஒரு படிக்கும் கண்ணாடி இருந்தது. ஒரு பக்க வில்லை நொறுங்கியிருந்தது. யூசின் அதை வாங்கிப் பார்த்தாள். மலிவான சட்டம்தான். ஆனால் காது பிடிக்கும் தண்டின் கீலில், கடையில் போடும் திருகாணி இல்லை. அதற்குப் பதில் பித்தளையில் கடைந்தெடுத்த ஒரு குட்டி ஆணி. அரிசியில் பாதி இருக்கும். அதன் தலையில்கூட விரல் வழுக்காமலிருக்க வரி வெட்டியிருந்தது.

"சியாவ் பெரியவர் என்ன வேலை பார்த்தார்?"

"லேத் பட்டறை வெச்சிருந்தாரு," என்றார் குவோ. "நாப்பது வருஷம்."

"நடக்க வர்றவருக்குப் படிக்கிற கண்ணாடி எதுக்கு அண்ணே?"

ஆதாவ் பதில் சொல்லாமல் அவள் மூக்கைப் பார்த்தார். திரையின் மூலையிலிருந்த கடுகு எழுத்தைப் படிக்க மதியத்திலிருந்து அவள் இறக்கி இறக்கி மாட்டிக்கொண்டிருந்த அதே மாதிரிக் கண்ணாடி.

யூசின் போனைக் காதில் வைத்தாள். "பெய்ச்சி, நீங்க சர்வீஸ் பண்ணும்போது பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"சியாவ் தாத்தா இருந்தாரு. எனக்கு டீகூட வாங்கிட்டு வந்தாரு. இது என்ன, அது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. இந்த வேலைக்கு வந்து எட்டு வருஷமாச்சு மேடம், என் வேலையைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல. நான் சந்தோஷமா எல்லாத்தையும்..." குரல் உடைந்தது. "ஐயோ. பெல்ட் மேல நிக்கக் கூடாதுங்கறதை மட்டும் நான் சொல்லல. அவர் செய்வாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யூசின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தாள். பிறகு லிவெனை அழைத்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. உங்க அப்பா தினமும் எவ்வளவு தூரம் நடக்கணும்னு நீங்க ஏதாவது சொல்லியிருந்தீங்களா?"

"அஞ்சு கிலோமீட்டர். ஒரே மூச்சுல, தொடர்ந்து ஏழு நாள். திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பணும்னு சொல்லியிருந்தேன். அப்பதான் மாட்ஸு அம்மன் பாதயாத்திரைக்கு விடுவேன்னேன். ஒன்பது நாள் நடக்கணுமே, சும்மாவா? எதுக்குக் கேக்கறீங்க?"

"நேர்ல சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஆதாவ் ஏற்கெனவே அந்தச் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் கணக்குப் போட்டு முடித்திருந்தார். "எழுபத்தெட்டுன்னு வெச்சா, மூணு கிலோமீட்டரும் கொஞ்சமும் நடந்தாலே அஞ்சுன்னு காட்டும் பாஸ். நான்கூட என் டாக்ஸி மீட்டர்ல இவ்வளவு நேர்த்தியா பண்ணினதில்ல." ஒரு கணம் நிறுத்தி, "பண்ணினதே இல்ல," என்று திருத்திக்கொண்டார்.

வாசலில் இரும்பு வண்டி வந்து நின்றது. மணி மூன்றே முக்கால். அன்றைக்கென்று வண்டி முன்னதாகவே வந்திருந்தது.

"இப்ப இதுல ஆதாரம் இருக்குன்னு தெரிஞ்சாச்சு, தொட்டா போலீஸ் சாட்சியத்தை அழிச்ச கேஸ் உங்க பேர்ல வரும்," என்றாள் யூசின் குவோவிடம். குவோ தன் வாழ்க்கையில் முதல்முறையாக வேறு ஒருவரைக் காத்திருக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி அறையில் பெரியவர் சியாவ் ஒரு கையில் கட்டும் தலையில் கட்டுமாகச் சாய்ந்திருந்தார். லிவென் கட்டிலின் கால்மாட்டில், தேர்வு அறையில் நிற்பதைப் போல நிமிர்ந்து நின்றாள்.

யூசின் கண்ணாடியைப் போர்வை மேல் வைத்தாள். எழுபத்தெட்டு என்ற எண்ணைச் சொன்னாள். பாதியில் நின்ற கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். விழும்போது கயிறு கையில் சிக்கிச் சாவி பிடுங்கப்பட்டதால்தான் பெல்ட் நின்றது, இல்லாவிட்டால் தையல் ஒன்பதோடு போயிருக்காது என்றும் சொன்னாள்.

பெரியவர் கண்ணாடியை எடுத்துப் பித்தளை ஆணியைத் தடவிப் பார்த்தார். "ஞாபகமில்லைன்னு சொன்னேன். பொய்தான்."

"அப்பா!"

"முட்டி மூணு கிலோமீட்டருக்கு மேல விடல, லிவென். உன்கிட்டச் சொன்னா போக விட மாட்ட."

"மாட்டேன்தான்! யாருக்காக இந்தப் பிடிவாதம்? ஒரு பொண்ணுக்கு வேலை போச்சு. நான் என் கைப்பட அவ மேல புகார் எழுதியிருக்கேன். ஆறு நாளா வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்கீங்க! அப்படி என்ன தலைபோற வேண்டுதல்?"

பெரியவர் யூசினைப் பார்த்தார், ஆதாவைப் பார்த்தார். வெளியாட்கள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற தவிப்பு. பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால உன் தலையைத் திறந்து கட்டி எடுத்தாங்களே. பதினாலு மணி நேரம். டாக்டர் வெளிய வந்து, ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு. கூட யாருமில்ல. என்கிட்ட அப்ப நல்லா இருந்தது இந்த ரெண்டு கால்தான். அதைக் குடுக்கறேன்னு அம்மன்கிட்டச் சொல்லிட்டேன்."

லிவெனின் கை, தானாக, காதுக்கு மேலிருந்த தழும்புக்குப் போயிற்று. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

ஆதாவ்கூட ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

கடைசியில் லிவென் பையைத் திறந்தாள். புகாரின் நகலைக் கவிழ்த்துப் போட்டு, வெற்றுப் பக்கம் மேலிருக்கும்படி அவர் மடியில் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அவரது வலது கையில் கொடுத்தாள். "எழுதுங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு. நாளைக்கு விசாரணையில நானே படிக்கிறேன்."

பெரியவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத வரவில்லை. யூசின் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு கையால் மூன்று வரி எழுதினார். 'மெஷினில் கோளாறு இல்லை. சர்வீஸ் செய்த பெண்மீதும் தவறில்லை. மெஷினைப் பொய் சொல்ல வைத்தது நான்.'

யூசின் பெய்ச்சிக்குப் போன் போட்டுப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் முதலில் அழுகை. அப்புறம் ஐந்து நிமிஷம் அறை முழுக்கக் கேட்கும் அளவுக்குத் திட்டு. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். லிவென் தடுக்கவில்லை.

போன் திரும்பி வந்ததும் பெரியவர் தாளை மகளிடம் கொடுத்தார். "இந்த வருஷமும் போச்சு," என்றார் தாழ்ந்த குரலில்.

லிவென் தாளைப் படித்தாள். நான்காக மடித்தாள். "யாத்திரையோட கடைசி மூணு நாள் போறோம். சக்கர நாற்காலியில நீங்க. தள்ளுறது நான்."

"நடக்கறேன்னுதான் வேண்டினேன். உட்கார்ந்துட்டுப் போனா அவ ஒத்துக்குவாளா?"

"அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள் துணைத் தலைமையாசிரியை.